ஹௌராவின் சிறு ரயில்கள்

தென்னாட்டினின்றும் வங்கம் வந்து குடியேறிய நம்மவர்க்கு ஹௌரா என்றதும் நினைவுக்கு வருவது சென்னை மெயில் வந்து நிற்கும் பெருநிலையமே. அதற்கு அணித்தாக, ஹௌரா மைதானத்தில், முற்காலத்தில் வேறொரு ரயில் நிலையமும் இருந்தது என்பதை நம் இளைஞர் பலர் அறியார். இரண்டடி அகலமே உள்ள தண்டவாளத்தின் மீது சிறிய நீராவி எஞ்சின்கள் சிறிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு அங்கிருந்து கிராமங்களை நோக்கிச் சென்றன. வங்க மக்கள் அதனை 'மார்ட்டின் ரயில்' என்று அழைத்தனர். அஃது அரசாங்கத்தின் சொத்தன்று. தனியார் கம்பெனி நடத்திய ரயில்.

மார்ட்டின் கம்பெனியை நிறுவியவர் இருவர். ஒருவர் ஆங்கிலேயரான சர் தாமஸ் அக்வின் மார்ட்டின். மற்றவர் வங்காளியரான சர் ராஜேந்திரநாத் முகர்ஜி. முகர்ஜி 1854-ஆம் ஆண்டில் பசீர்ஹாட்டை அடுத்த பாப்லா கிராமத்தில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, தம் முயற்சியால் உயர்ந்தவர். நாம் விருந்தினரை அழைத்துச் சென்று காட்டும் விக்டோரியா நினைவு மண்டபத்தைக் கட்டியதும் இக்கம்பெனியே.

1897-ஆம் ஆண்டில் ஹௌராவிலிருந்து ஆம்தாவை நோக்கி ஒன்றும், ஷேயாகாலாவை நோக்கி மற்றொன்றுமாக இரு பாதைகள் தொடங்கப்பெற்றன. 1905-இல் பாராசாத்–பசீர்ஹாட் பாதை திறக்கப்பெற்றது. தாம் பிறந்த மண்ணுக்கே ரயிலைக் கொண்டு சென்ற பேறு முகர்ஜிக்கு வாய்த்தது. மக்லியாட் என்னும் மற்றொரு கம்பெனி 1917-இல் காளிகாட்–பால்டா பாதையைத் திறந்தது.

இப்பாதைகள் சிக்கனமாக அமைக்கப்பட்டவை. பல இடங்களில் சாலையோரமாகவே தண்டவாளம் ஓடியது. வேகம் குறைவு என்று ஊரார் நகையாடியதுண்டு. ஆயினும் இதன் பயனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிராமத்துக் குமாஸ்தா காலையில் தன் வீட்டில் உண்டு, நகரத்தில் வேலை பார்த்து, இரவில் மீண்டும் தன் வீட்டிலேயே உறங்கினான். 'டெய்லி பாசஞ்சர்' என்னும் சொல் வங்காளியரின் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. ஊரையும் உத்தியோகத்தையும் ஒருங்கே காக்கும் அந்த வாய்ப்பு நம் முன்னோர்க்கு இருந்ததில்லை. தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் புறப்பட்டவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டே வர வேண்டியிருந்தது. சிறு ரயிலின் அருமையை நம்மினும் நன்கு உணரத்தக்கவர் யார்?

இதே காலத்தில் ஜப்பானிலும் தனியார் ரயில்கள் தோன்றின. ஒஸாகா நகரில் கொபயாஷி இச்சிஸோ என்பவர் 1910-இல் ஒரு மின்சாரப் பாதையைத் திறந்தார். வழியில் பெரும்பாலும் வயல்களே, ஏறுவதற்கு ஆளில்லை. அவர் என்ன செய்தார்? பாதையோரத்து நிலத்தை வாங்கி, வீடுகள் கட்டி, மாதத் தவணையில் விற்றார். பாதையின் மறுகோடியாகிய தகரஸூகாவில் பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழுவை அமைத்தார்; அக்குழு 1914-இல் அரங்கேறியது. நகரத்து நிலையத்திலேயே 1929-இல் பெருங்கடை ஒன்றைத் திறந்தார். ஹான்க்யூ என்ற பெயரில் அந்த ரயில் இன்றும் தனியாரிடமே சிறப்புற ஓடுகின்றது.

ஹௌராவின் கதை வேறாக முடிந்தது. இங்கே கம்பெனி முதன்மையாக நம்பியது டிக்கெட் பணத்தையும் சரக்குக் கூலியையுமே. ரயிலால் ஊர் வளர்ந்தது. நிலத்தின் விலை ஏறியது. ஆனால் அந்த ஊதியத்தில் ரயிலுக்குப் பங்கு கிட்டவில்லை. பஸ்ஸும் லாரியும் போட்டிக்கு வந்தபோது வருமானம் சுருங்கியது. டிக்கெட்டின்றி ஏறுவோர் மிகுந்தனர். பழைய வண்டிகளை மாற்ற முதலில்லை. பாராசாத்–பசீர்ஹாட் பாதை 1955-இலும், காளிகாட்–பால்டா பாதை 1957-இலும் மூடப்பெற்றன. 1971 ஜனவரியோடு ஆம்தா, ஷேயாகாலா வண்டிகளும் நின்றன. உழைத்த தொழிலாளர் குடும்பங்கள் தெருவில் நின்றன. நாள்தோறும் பயணம் செய்தவர்கள் பஸ் படிக்கட்டில் தொங்கினர்.

பால்டா பாதை கிடந்த இடத்தில் இன்று ஜேம்ஸ் லாங் சரணி என்னும் சாலை ஓடுகின்றது. பசீர்ஹாட்டுக்கு அரசாங்கம் விரைவிலேயே அகலப்பாதை அமைத்தது. ஆம்தாவுக்கோ அகலப்பாதை ரயில் சென்று சேர்ந்தது 2004-இல்தான். இடையில் கழிந்தவை 33 ஆண்டுகள்! ஒரு பாதையை மூடுவதற்கு ஒரு நாள் போதும். மீண்டும் திறப்பதற்கு ஒரு தலைமுறை வேண்டியிருக்கின்றது.

ரயில்வே எழுத்தன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். வரவு செலவுப் புத்தகத்தில் டிக்கெட் பணம் ஏறும். இரவில் வீடு திரும்பிய தந்தையின் முகம் கண்டு மகிழ்ந்த குழந்தையின் கணக்கு ஏறாது. அதனைக் கணக்கில் கொள்ளும் நாடே ரயிலைக் காக்கும். 2024 முதல் ஹௌரா மைதானத்திலிருந்து ஹூக்ளி ஆற்றின் அடியே மெட்ரோ ரயில் ஓடுகின்றது. அதில் ஏறும் நம் பிள்ளைகளுக்கு, அவ்விடத்தில் முன்பு நின்ற சிறு ரயிலின் கதையையும் பெற்றோர் எடுத்துரைப்பார்களாக.