பாட்டு நிற்கும் இடம்: 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யின் இரு திரைவடிவங்கள்

பழைய படம் ஒன்று மீண்டும் எடுக்கப்படும்போது விமர்சனம் பெரும்பாலும் நடிகர்களின் முகங்களையே ஒப்பிடுகிறது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2021-இல் எடுத்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்கும் இதுவே நேர்ந்தது. 1961 படத்தில் போர்ட்டோ ரிக்கோப் பெண் மரியாவாக நடித்த நடாலி வுட் ரஷ்யக் குடியேறிகளின் மகள். அவருடைய அண்ணனாக நடித்த ஜார்ஜ் சக்கிரிஸ் கிரேக்க வம்சாவளியினர். போர்ட்டோ ரிக்கோவிலேயே பிறந்த ரீட்டா மொரேனோவுக்கும் முகத்தில் கரும்பழுப்புப் பூச்சு அப்பினார்கள். புதிய படம் லத்தீன் அமெரிக்க வம்சாவளி நடிகர்களைத் தேடிச் சேர்த்தது. இது தேவையான திருத்தம், அதில் ஐயமில்லை. ஆனால் இரு படங்களுக்கும் இடையே உள்ள மெய்யான விவாதம் பாடல்களின் வரிசையில் நடக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். இசையும் பாடல்வரிகளும் ஏறத்தாழ அவையேதான். அவை கதையில் நிற்கும் இடம் மாறியிருக்கிறது. இடம் மாறியதும் பொருளும் மாறிவிடுகிறது.

மூலநாடகம் 1957 செப்டம்பரில் பிராட்வேயில் அரங்கேறியது. இசை லெனார்ட் பெர்ன்ஸ்டைன், பாடல்வரிகள் ஸ்டீபன் சோண்ட்ஹைம், நாடகப்பிரதி ஆர்தர் லாரண்ட்ஸ். இயக்கமும் நடன அமைப்பும் ஜெரோம் ராபின்ஸ். ரோமியோ ஜூலியட் கதை நியூயார்க்கின் இரு இளைஞர் கும்பல்களுக்கு இடையே நகர்த்தப்பட்டிருந்தது: வெள்ளையரான ஜெட்ஸ் ஒருபுறம், போர்ட்டோ ரிக்கோவினரான ஷார்க்ஸ் மறுபுறம். முதல் அங்கம் கத்திச் சண்டையில், இரண்டு பிணங்களோடு முடிகிறது. ஜெட்ஸ் தலைவன் ரிஃபை மரியாவின் அண்ணன் பெர்னார்டோ கொல்கிறான். பெர்னார்டோவை மரியாவின் காதலன் டோனி கொல்கிறான். இடைவேளை கழிந்து திரை உயர்ந்ததும் மேடையில் மரியா, தான் அழகாக இருப்பதாகத் துள்ளிப் பாடுகிறாள். அண்ணன் செத்தது அவளுக்குத் தெரியாது, பார்வையாளருக்குத் தெரியும். 'ஐ ஃபீல் பிரெட்டி' இந்த இடத்துக்காகவே எழுதப்பட்ட பாட்டு.

ராபர்ட் வைஸும் ராபின்ஸும் இயக்கிய 1961 படம் (ராபின்ஸ் படப்பிடிப்பின் நடுவிலேயே நீக்கப்பட்டார்) எர்னஸ்ட் லேமனின் திரைக்கதையில் இந்தப் பாட்டைச் சண்டைக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டது. மணமகள் உடை தைக்கும் கடை, பகல் வெளிச்சம், கூடவே தோழிகள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் முள் பிடுங்கப்பட்டுவிட்டது. பாடுகிறவளுக்குத் தெரிந்த அளவே நமக்கும் தெரிந்திருப்பதால் நாமும் அவளோடு சேர்ந்து மகிழ்வதைத் தவிர அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஸ்பீல்பெர்க்கும் திரைக்கதையாசிரியர் டோனி குஷ்னரும் பாட்டைப் பழைய இடத்துக்கே திருப்பினார்கள். அதோடு நிற்காமல் களத்தையும் மாற்றினார்கள். ரேச்சல் ஸெக்லரின் மரியா இங்கே கிம்பல்ஸ் பேரங்காடியில் இரவு நேரத்தில் தரை துடைக்கும் பெண். கடை மூடியபின் பொம்மைகளுக்கு நடுவே, தன்னால் வாங்கவே முடியாத பொருள்களைத் தொட்டுப் பார்த்துப் பாடுகிறாள். இந்தப் பாட்டின் சொல்நயம் அப்போதுதான் வந்திறங்கிய ஓர் ஏழைப் பெண்ணின் வாயில் பொருந்தவில்லை என்று சோண்ட்ஹைமே நெடுங்காலம் குறைப்பட்டிருக்கிறார். அந்தக் குறைக்கு ஒரு சொல்லையும் மாற்றாமல் மருந்து கண்டது புதிய படம். பாட்டின் பகட்டு இப்போது கடையின் பகட்டு. உடைகளைப் போலவே சொற்களையும் அவள் ஓரிரவுக்கு எடுத்து அணிந்து பார்க்கிறாள். அண்ணனின் பிணத்தை அறியாத மகிழ்ச்சியும் தனக்கு உரிமையில்லாத செல்வத்தின் நடுவே வரும் மகிழ்ச்சியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. மறுஆக்கம் என்ற செயலுக்கு இதைவிட நல்ல நியாயம் நான் கண்டதில்லை.

இதை வைத்து, புதிய படம் மேடைக்குத் திரும்பிவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. 'ஜீ, ஆபீஸர் கிரப்கி' மேடையில் கொலைகளுக்குப் பின் வரும் கேலிப்பாட்டு. போலீஸ்காரர், நீதிபதி, மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் என்று ஒரு பையனை ஒருவர் மற்றவரிடம் தள்ளிவிடுவதை ஜெட்ஸ் நடித்துக் காட்டுகிறார்கள். அந்த இடம் சோண்ட்ஹைமுக்கு ஒப்பவில்லை. 'கூல்' பாட்டோடு அதை மாற்றிக்கொள்ள வேண்டுமென்றார். 1961 படம் அப்படியே செய்தது. பிறகு, மேடை வரிசையே சரி என்று அவரே மனம் மாறினார். 2021 படமோ இந்தப் பாட்டைக் காவல் நிலையத்துக்குள் கொண்டுபோகிறது, ஆனால் சண்டைக்கு முன்பாகவே. இங்கே துணிச்சல் குறைந்துவிட்டது என்பதே என் கருத்து. இரண்டு சாவுகளுக்குப் பின் பாடினால் அந்தக் கேலி குற்றச்சாட்டாகும். முன்னால் பாடினால் விடலைகளின் கும்மாளமாகவே நின்றுவிடுகிறது.

'கூல்' விஷயத்தில் பழைய படத்துக்கு நிகரில்லை. மேடையில் சண்டைக்கு முன் ரிஃப் பாடும் பாட்டு அது. 1961-இல் ரிஃப் செத்தபின் அவனிடத்துக்கு வரும் ஐஸ் பாடுகிறான். தாழ்ந்த கூரையுள்ள வண்டிக் கொட்டகை, முகத்தில் அடிக்கும் முகப்பு விளக்குகள், அழவும் தெரியாமல் கத்தவும் கூடாமல் தவிக்கும் பையன்கள். துக்கம் உடம்புகளில் வெட்டிவெட்டி இழுத்து, உள்ளே அழுத்தப்பட்டு, மீண்டும் தெறிக்கிறது. ஆத்திரத்தை அடக்கச் சொல்லும் பாட்டு, அடக்குவதற்கு மெய்யான ஆத்திரம் இருக்கும் இடத்தில் வந்து விழுந்தது. புதிய படத்தில் இதைச் சண்டைக்கு முன், சிதைந்த படகுத்துறையில், ரிஃபின் துப்பாக்கியைப் பறிக்க முயலும் டோனி பாடுகிறான். மைக் ஃபைஸ்டின் ரிஃப் அருமையான நடிப்பு. ஜஸ்டின் பெக்கின் நடன அமைப்பிலும் குறையில்லை. ஆயினும் பாட்டு ஒரு பொருளைத் தட்டிப் பறிக்கும் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிட்டது. மேடை வரிசைக்குத் திரும்புவது எப்போதும் ஆதாயமல்ல என்பதற்கு இது சான்று.

'அமெரிக்கா' பாட்டில் நிலைமை வேறு. மேடையில் அது பெண்கள் மட்டும் பாடும் பாட்டு. அதை ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான மொட்டைமாடி வழக்காக மாற்றியது 1961 படம். புலம்பெயர்ந்த நாட்டில் கிடைப்பது என்ன, மறுக்கப்படுவது என்ன என்று பெர்னார்டோவும் அவன் காதலி அனிதாவும் எதிரெதிர் நின்று வாதாடினார்கள். 1917 முதல் சட்டப்படி அமெரிக்கக் குடிமக்களாக இருந்த போர்ட்டோ ரிக்கோவினர் அந்நியராக நடத்தப்பட்ட கதை அந்த வாதத்தில் அடங்கிவிடுகிறது. ஸ்பீல்பெர்க் இந்த மாற்றத்தை அப்படியே ஏற்று, பாட்டைப் பட்டப்பகலில் தெருவுக்கு இறக்கினார். அரியானா டிபோஸின் அனிதாவோடு தெருவே சேர்ந்து ஆடுகிறது. ஸ்பானிய உரையாடலுக்குத் துணைத்தலைப்பு இடாததும் இதே மனப்பாங்குதான்: ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் சற்று நேரம் வெளியாளாக நிற்கட்டும் என்பது.

தெரு என்றதும் நிலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய படத்தின் தெருக்காட்சிகளில் ஒரு பகுதி மேற்கு 68-ஆம் தெருவில், இடிபடக் காத்திருந்த வீடுகளுக்கு நடுவே எடுக்கப்பட்டது. நகரத் திட்ட அதிகாரி ராபர்ட் மோசஸின் 'சேரி ஒழிப்பு'த் திட்டத்தில் கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவினரும் வாழ்ந்த சான் ஹுவான் ஹில் பகுதி அழிக்கப்பட்டு, அங்கே லிங்கன் சென்டர் என்ற கலை வளாகம் எழுந்தது. அந்த மண்ணில் நின்று எடுக்கப்பட்ட படம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 2021 படம் இடிபாடுகளின் மேலே நகர்ந்தபடியே தொடங்குகிறது. வரப்போகும் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையும் தெரிகிறது. இரு கும்பலும் வெட்டிக்கொள்ளும் தெரு இருவருக்குமே மிஞ்சப்போவதில்லை என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் குஷ்னர் இங்கே அளவு தாண்டுகிறார். டோனிக்குச் சிறைவாசம், பெர்னார்டோவுக்குக் குத்துச்சண்டை, மரியாவுக்குப் பேசப்பட்ட சீனோவுக்கு இரவுப்பள்ளி என்று ஒவ்வொருவருக்கும் முன்கதை எழுதி, முன்பு நடனம் சொன்னதை வசனத்தால் விளக்குகிறார். ராபின்ஸின் தொடக்கக் காட்சியில் பையன்கள் நடக்கும் நடையே நடனமாக மாறும்போது பகைக்குக் காரணம் கேட்கத் தோன்றுவதே இல்லை.

குரல் பற்றியும் ஒன்று. நடாலி வுட் தம் பாடல்களைத் தாமே பாடிப் பதிவு செய்திருந்தார். முடிவில் படத்தில் ஒலித்தது மார்னி நிக்சனின் குரல். அவர் பெயர் திரையில் வரவில்லை. பின்னணிப் பாடகர்களைப் பெயர் சொல்லிக் கொண்டாடும் தமிழ் ரசிகருக்கு இந்த மறைப்பு விளங்காது. புதிய படத்தில் ஸெக்லரே பாடுகிறார்.

மிகப் பெரிய இடமாற்றம் 'சம்வேர்' பாட்டுக்கு நேர்ந்தது. இங்கே வரிசையைவிட வாய் மாறியது. மேடையில் கனவு நடனத்தின்போது மறைவிலிருந்து ஒரு பெண்குரல் பாடியது. 1961-இல் காதலர்கள் பாடினார்கள். 2021-இல் மருந்துக்கடைக்காரர் டாக் இறந்துவிட்டார். அவருடைய போர்ட்டோ ரிக்கோ விதவை வாலண்டினாவாக ரீட்டா மொரேனோ தனியே உட்கார்ந்து பாடுகிறார். எங்களுக்கும் ஓரிடம் உண்டு என்று இளைஞர் பாடினால் அது நம்பிக்கை. வெள்ளையரை மணந்து, இரு தரப்புக்கும் நடுவே ஆயுளைக் கழித்த கிழவி பாடினால், அந்த இடம் இன்னும் வரவில்லை என்ற சாட்சியம். காதலர்கள் தங்கள் பாட்டை இழந்தது உண்மையே. அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்பதே என் தீர்ப்பு.

இந்த ஒப்பீட்டிலிருந்து ஆய்வாளருக்கு ஒரு வேண்டுகோள். இசைத்திரைப்பட மறுஆக்கம் எதை எடுத்துக்கொண்டாலும், நடிகர் தேர்வுக்கும் மூலத்துக்கான விசுவாசத்துக்கும் போவதற்கு முன், ஒவ்வொரு பாட்டும் எந்த நிகழ்ச்சிக்கு முன் வருகிறது, எதற்குப் பின் வருகிறது, அந்த நேரத்தில் பாடுகிறவருக்குத் தெரியாத எது நமக்குத் தெரியும் என்று முதலில் பட்டியலிட்டுக்கொள்ளுங்கள். பாடல்களால் கதை சொல்லும் தமிழ்ப் படங்களின் மறுஆக்கங்களுக்கும் இந்தப் பட்டியல் இன்னும் போடப்பட வேண்டும்.