தொலைந்துபோகாத ஏழாவது சகோதரி

நாம் கார்த்திகை என்று அழைக்கும் மீன்கூட்டத்தைக் கிரேக்கர் அட்லஸின் ஏழு மகள்கள் என்றனர். கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே அராட்டஸ் என்ற கவிஞர், பெயர்கள் ஏழு, கண்ணுக்குத் தெரிவதோ ஆறு என்று எழுதிவிட்டார். காணாத ஒருத்திக்குக் கிரேக்கரிடமே இரண்டு காரணங்கள்: மெரோபி மானிடனை மணந்த வெட்கத்தில் முகம் மறைத்தாள், இல்லை, டிராய் நகரம் அழிந்த துயரத்தில் எலெக்ட்ரா விலகிப் போனாள். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பலரிடமும் ஏழு சகோதரிகள் கதை உண்டு. ரே நாரிஸ், பார்னபி நாரிஸ் என்ற வானியலாளர்கள் இந்த ஒற்றுமையிலிருந்து துணிச்சலான முடிவுக்கு வந்தார்கள். பிளையோனி என்ற மீன் இன்று அட்லஸ் என்ற மற்றொரு மீனை ஒட்டி நிற்பதால் தனித்துத் தெரிவதில்லை. சுமார் 1,00,000 ஆண்டுகளுக்கு முன் இடைவெளி கூடுதலாக இருந்ததால் ஏழும் தெரிந்தன. ஆகவே மனிதர் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்புமுன் பிறந்த கதையாக இது இருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு என்பது வானத்தின் கணக்கு அல்ல, சராசரிக் கண்ணின் கணக்கு. கெப்ளரின் ஆசிரியர் மேஸ்ட்லின் தொலைநோக்கி வருமுன்பே பதினொன்றைக் குறித்தவர் என்பார்கள். 1610இல் கலிலியோ தொலைநோக்கி வழியே கண்டு 36 மீன்களை வரைந்தார். போதாததற்கு, பிளையோனியின் ஒளியே கூடிக் குறையும் இயல்புடையது. இப்படிப்பட்ட கூட்டத்தை எண்ணினால் ஆளுக்கொரு எண் வரத்தான் செய்யும். சராசரிக் கண்ணுக்கோ ஆறுதான்: சங்கப் புலவர்கள் அதை அறுமீன் என்றார்கள். கார்த்திகையின் ஜப்பானியப் பெயரைத் தாங்கிய சுபாரு கார்ச் சின்னத்திலும் இருப்பவை ஆறே.

இந்தியச் சான்று இன்னும் சுவையானது. தைத்திரீய சங்கிதை கிருத்திகைகள் எழுவருக்குப் பெயர் சொல்கிறது; அவற்றுள் மேகத்தையும் மழையையும் சுட்டும் பெயர்கள் உண்டு. மகாபாரதமோ ஏழு முனிவரின் மனைவியரில் அருந்ததியை விட்டுவிட்டு, மற்ற அறுவரையே கார்த்திகையாக்குகிறது. இங்கே ஏழாமவள் மங்கவும் இல்லை, மறையவும் இல்லை. சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறாள், கல்யாணத்தன்று மணமக்களுக்கு அவளைத்தான் காட்டுகிறோம். ஒரே பழங்கதை எங்கும் பரவியிருந்தால், ஒருத்தி குறைந்த காரணமும் கூடவே வந்திருக்க வேண்டாமா? ஏழின் மேல் பல நாட்டாருக்கும் ஒரு பிடிப்பு. கண்ணுக்கு அகப்பட்டதோ ஆறு. இடையில் விழுந்த குறையை அவரவர் தமக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொண்டார்கள்.

அப்படியானால் கிரேக்கத்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஓர் ஆண் அந்தப் பெண்களைத் துரத்துவதாகக் கதை இருப்பது எப்படி என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் கார்த்திகை எழுந்த பின், அந்த ஆணாகக் கொள்ளப்படும் ஓரியன் மீன்கூட்டம் எழுகிறது. இரவு முழுவதும் அதன் பின்னாலேயே மேற்கே போகிறது. அதைப் பார்ப்பவருக்குத் துரத்தல் கதை தோன்ற யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீன்கள் அன்று விலகி நின்றன என்பதை வானியல் நிறுவலாம். ஆனால் கதையும் அவ்வளவு பழையது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். ஒற்றுமை மட்டும் அந்தச் சான்றாகாது.