40 வயதுக்கு மேல் வெளிநாட்டு வேலைக்குப் போறீங்களா? கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர்... இந்தத் தொழிற்பேட்டைகளில் வெல்டராகவோ ஃபிட்டராகவோ 15, 20 வருஷம் ஓட்டியவர்களுக்கு, பிள்ளைகள் காலேஜ் போகும் நேரத்தில்தான் "துபாய்ல ஆள் எடுக்குறாங்களாம்" என்ற பேச்சு காதில் விழும். 25 வயதில் ஏமாந்தால் எப்படியாவது எழுந்துவிடலாம். 45 வயதில் நகையை அடகு வைத்துப் போகிறவருக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை.

முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்க

10ஆம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 'இசிஆர்' வகையில் வரும். அதாவது சவுதி, யுஏஇ, குவைத், கத்தார், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 'இமைகிரேட்' இணையதளம் வழியாக ஒப்பந்தம், சம்பளம் எல்லாம் சரிபார்த்த பிறகுதான் அந்த அனுமதி கிடைக்கும். சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை.

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். 50 வயதைத் தாண்டிவிட்டால், படிப்பு இல்லாவிட்டாலும் இந்த அனுமதி தேவையில்லை. கேட்க சலுகை மாதிரி இருக்கும். ஆனால் 51 வயதில் முதல் தடவையாக விமானம் ஏறுபவரின் ஒப்பந்தத்தை அரசுத் தரப்பில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் இதன் அர்த்தம். அனுமதி தேவைப்படாதவர்களும் இமைகிரேட்டில் தாங்களாகவே பதிவு செய்யலாம். செய்துவிடுங்கள்.

இசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண்களுக்கு இந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது முடிந்திருக்க வேண்டும்.

வயசு தடையா?

நாட்டைப் பொறுத்தது. சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்டுக்கு இந்தியர்கள் புதிதாக விண்ணப்பிக்க முன்பு 50 வயதுதான் எல்லை. 2025 ஜூலை 1 முதல் 61 வயதுக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 63 வயது வரை வேலை பார்க்கலாம்.

வளைகுடாவில் பெரிய சோதனை மெடிக்கல்தான். ரத்தப் பரிசோதனையோடு நெஞ்சு எக்ஸ்ரேவும் உண்டு. எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு தெரிந்தால்கூட 'அன்ஃபிட்' என்று வரலாம். அதனால் ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன், உள்ளூர் டாக்டரிடம் ஒரு எக்ஸ்ரே, சுகர், பிபி பார்த்துவிடுவது நல்லது. வேலையை ராஜினாமா செய்வதும் அதற்குப் பிறகுதான்.

ஏஜென்ட் எவ்வளவு வாங்கலாம்?

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. அதுவும் ரசீதோடு. லட்சக்கணக்கில் கேட்டால், "இப்போ டூரிஸ்ட் விசாவுல போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்றால், அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டின் பதிவு எண்ணை இமைகிரேட் தளத்திலேயே சரிபார்க்கலாம். கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. தனியார் ஏஜென்ட்டைத் தேடும் முன் அங்கே ஒரு எட்டு போய்வரலாம்.

பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டுக்கு 2 வருஷத்துக்கு பிரீமியம் 275 ரூபாய்தான். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் கிடைக்கும். 2024 ஜூன் 12 அன்று குவைத் மங்காஃப் தொழிலாளர் குடியிருப்புத் தீயில் 45 இந்தியர்கள் இறந்தார்கள். அதில் 7 பேர் தமிழர்கள்.

பிஎஃப் பணத்தை எடுத்துடலாமா?

செலவுக்காக மொத்தத்தையும் எடுப்பதுதான் வழக்கம். அவசரப்படாதீங்க. பென்ஷன் திட்டத்தில் 10 வருஷ சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாதாந்திர பென்ஷன் உண்டு. 8, 9 வருஷத்தில் நிற்பவர் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் அந்த சர்வீஸ் போச்சு. அதற்குப் பதில் 'ஸ்கீம் சர்டிபிகேட்' வாங்கி வைத்தால், திரும்பி வந்து வேலைக்குச் சேரும்போது அது கணக்கில் சேரும். வளைகுடா நாடுகளோடு இந்தியாவுக்கு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் கிடையாது. அங்கே கிடைப்பது பணிக்கொடைதான். யுஏஇயில் முதல் 5 வருஷத்துக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கு.

இன்னொன்று, இஎஸ்ஐ. நீங்கள் வேலையை விட்ட சில மாதங்களில் வீட்டில் உள்ளவர்களுக்கும் அந்த மருத்துவ வசதி நின்றுவிடும். வயதான அம்மா அப்பா அதை நம்பி இருந்தால், கிளம்பும் முன் வேறு காப்பீடு போட வேண்டும்.

அங்கே போய் சிக்கிக்கொண்டவர்களின் குடும்பத்தினர், அயலகத் தமிழர் நலத்துறையின் கட்டணமில்லா எண் 1800 309 3793-இல் பேசலாம். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். புகார் கொடுக்கும்போது அவைதான் கைகொடுக்கும்.