உல்லத்துக்குப் போட்ட வளையம்

போன தை மாசம் அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடத்தில் ஒரு கட்லாவை விட்டேன். நாலு கிலோ இருக்கும் என்பது என் கணக்கு. சித்தப்பா இரண்டரை என்றார். தூண்டில் நன்றாகத்தான் மாட்டியிருந்தது. நரம்பும் அறவில்லை. பத்து நிமிஷம் இழுத்து, களைக்க வைத்து, பரிசலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மடக்கி வைத்திருந்த லேண்டிங் நெட்டை விரித்து, அடியில் கொடுத்துத் தூக்கினேன். இரண்டு அலுமினியக் கைகளும் வந்து சேருகிற பிளாஸ்டிக் முட்டி ‘டக்’ என்றது. வலை ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம். கட்லா அவசரமே இல்லாமல் திரும்பி, ஆழத்துக்குப் போய்விட்டது.

சித்தப்பா சிரிக்கவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. உடைந்ததைக் கையில் வாங்கி, முட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எவ்வளவுடா குடுத்த?”

சொன்னேன்.

“குடையா, வலையா இது?”

நான் அதை வாங்குவதற்கு முன்னால் மூன்று வாரம் ஆராய்ச்சி செய்திருந்தேன். சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு பொருளை வாங்குவது என்றால் முதலில் ஒரு எக்செல் ஷீட். மடக்கினால் எத்தனை சென்டிமீட்டர், எடை எத்தனை கிராம், பிடி எவ்வளவு நீளும், வலை நைலானா ரப்பரா என்று எல்லாக் கட்டமும் நிரப்பி, பையில் அடங்க வேண்டும் என்பதற்கு அதிக மதிப்பெண் போட்டேன். பரிசலில் இடம் கிடையாது, அதனால் சின்னது வேண்டும் என்ற நியாயம் சரிதான். ஆனால் மடங்குகிற ஒவ்வொரு இடமும் உடைகிற இடம் என்பதற்கு என் ஷீட்டில் கட்டமே இல்லை. இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் படித்துப் பாஸ் செய்தவன் நான். வளையம் நீர்மட்டத்துக்குப் படுக்கையாக இருக்கும்போது, நீட்டிய பிடியின் நுனியில் துள்ளுகிற நாலு கிலோ (சரி, இரண்டரை) அந்த முட்டியில் என்ன வேலை காட்டும் என்று கணக்குப் போட ஒரு நிமிஷம் போதும். போடவில்லை.

“மீனை வலையால துரத்தாத. வலைய தண்ணிக்குள்ள சும்மா வெச்சிரு, மீன இழுத்துக் கொண்டாந்து அதுமேல விடு. உள்ள வந்ததும் பிடிய செங்குத்தா நிமித்திக்க, வளையத்தக் கையால பிடிச்சுத் தூக்கு. கம்ப நீட்டி நெம்புனா எந்த வலையும் ஒடியும்.” இதைச் சொன்னபோதுதான் அவருடைய கைவலையை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன்.

ஒரு இரும்பு வளையம். ஊர்க் கொல்லர் அடித்தது. இரண்டு முனையும் வால் மாதிரி நீண்டு மூங்கில் பிடிக்குள் இறங்கி, மேலே கம்பி சுற்றிக் கட்டியிருக்கிறது. பிடி முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும்தான் நீளம். வலை பச்சை நைலான், இரண்டு மூன்று இடத்தில் வேறு நிறத்தில் ஒட்டு. மடங்காது, நீளாது, மிதக்காது. ஆனால் பரிசலின் வட்டத்துக்குள் விளிம்போடு சாய்த்து வைத்தால், அது இருப்பதே தெரியவில்லை. கையடக்கம் என்பதற்கு மடங்குவது மட்டுமே அர்த்தமில்லை போல.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. அந்தப் பிடிக்கு, அந்தப் பரிசலுக்கு, அவர் பிடிக்கிற ஜிலேபிக்கும் கெண்டைக்கும் அந்த வளையம் ரொம்பப் பெரிது. கேட்டேன்.

“அது எங்க அப்பாரு காலத்து வளையம். உல்லத்துக்குப் போட்டது. பிடி நாலஞ்சு தடவ மாத்தியாச்சு. வலை எத்தனையோ. வளையம் அதேதான்.”

“உல்லம் இங்க வருமா?”

“நான் பாத்ததில்ல.”

உல்லம் என்றால் ஹில்சா. வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுகிற அதே மீன். கடலில் வளர்ந்து, ஆற்றில் புதுவெள்ளம் இறங்கும்போது அந்த நன்னீரை எதிர்த்து ஏறிவந்து முட்டையிடும். ஆற்றின் குறுக்கே கட்டிய வலையில் செவுள் மாட்டிக்கொள்ளும். லேசாக மாட்டியதை அப்படியே தூக்கினால் கனத்தில் நழுவிவிடும் என்பதால், வலையைத் தூக்கும்போது இன்னொரு கை கீழே ஏந்தலாக ஒரு கைவலையைக் கொடுக்க வேண்டும். தாத்தாவின் வளையம் அதற்குத்தான். ஏந்துவதற்கு அகலம் வேண்டும், எட்டுவதற்கு நீளம் வேண்டாம்.

சென்னைக்குத் திரும்பியதும் புது வலை தேடுவதற்குப் பதிலாக உல்லத்தைத் தேட ஆரம்பித்துவிட்டேன். கதை நான் நினைத்ததைவிடப் பழசு.

1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் மேல் இரண்டு அணைகள் கட்டினார். ஒன்று முக்கொம்பு மேலணை. இன்னொன்று நாங்கள் அணைக்கரை என்று சொல்கிற கீழணை. கொள்ளிடம் காவிரியைவிடக் குட்டையான வழி, சரிவும் அதிகம். விட்டால் தண்ணீர் முழுக்க அதிலேயே இறங்கிக் கடலுக்குப் போய்விடும், காவிரி மண்மேடாகும், தஞ்சாவூர் வயல் காயும். மேலணை அதைத் தடுத்தது. கீழணை மிச்சத் தண்ணீரைப் பிடித்து வடவாறு வழியாக வீராணத்துக்குத் திருப்பியது. கல்லணையைக் கரிகாலன் பெயரில் சொல்லிப் பெருமைப்படுகிற அளவுக்கு நாம் இந்த இரண்டையும் சொல்வதில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சாவூரின் நெல்லில் இவற்றின் பங்கு பெரிது. அந்த நெல்லில்தான் நான் வளர்ந்தேன், குறுவை விற்ற காசில்தான் காலேஜ் ஃபீஸ் கட்டினார்கள். 2004க்குப் பிறகு வீராணத்துத் தண்ணீர் சென்னைக்கும் வருகிறது. என் ஃபிளாட் குழாயில் வருவதும் கொஞ்சம் கொள்ளிடம்தான். எனவே காட்டனைத் திட்டுகிற உரிமை எனக்கு ரொம்பக் குறைவு.

ஆனால் ஏறிவருகிற மீனுக்கு அது சுவர். சுவரை மூடிக்கொண்டு தண்ணீர் ஓடுகிற சில வெள்ள நாட்களை விட்டால், உல்லம் அணைக்குக் கீழேயே குவிந்து நிற்கும். குவிந்து நிற்கிற மீனைப் பிடிக்கத் திறமை தேவையில்லை. அணைக்கரை நல்ல மீன்பிடி இடமாக ஆனதே இதனால்தான். என் தாத்தாவின் தொழிலும் காட்டன் கொடுத்தது என்று சொன்னால் சித்தப்பா ஒத்துக்கொள்வாரா தெரியாது.

இதை உரக்கச் சொன்னவர் பிரான்சிஸ் டே. மெட்ராஸ் ராணுவ மருத்துவராக வந்தவர், மீன் பைத்தியம் பிடித்து இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளராக ஆனார். 1873இல் இந்தியா, பர்மா நன்னீர் மீன்கள் பற்றி அவர் எழுதிய அறிக்கைக்காக ஜில்லா ஜில்லாவாக அதிகாரிகளிடம் கேள்வி போயிருக்கிறது: உங்கள் ஊரில் என்னென்ன வலை, அதன் மிகச் சிறிய கண் எவ்வளவு? வந்த பதில்களில் அங்குலமும் உண்டு, ஏதோ ஒரு தானிய மணியோடு ஒப்பிட்டுச் சொல்வதும் உண்டு. ஒரு சாம்ராஜ்யம் உட்கார்ந்து கிராமத்து வலையின் கண்ணை அளந்திருக்கிறது! டே இரண்டையும் சொன்னார்: குஞ்சையும் வாரிக்கொண்டு போகிற பொடிக்கண் வலைகளைத் தடுக்க வேண்டும், அணைகளில் மீன் ஏற வழி விட வேண்டும்.

அதே 1873இல் மெட்ராஸ் சிவில் சர்வீஸ்காரர் எச். எஸ். தாமஸ் ‘தி ராட் இன் இந்தியா’வை வெளியிட்டார். 1887இல் ஏரி, குளத்துத் தூண்டிலுக்கென்றே இன்னொரு புத்தகம். நான் ஆன்லைனில் வாங்கிய வலை தாமஸின் வம்சம், சித்தப்பாவுடையது டே அளந்த வம்சம். ஒன்று மீனை ஜெயிப்பதற்கு, இன்னொன்று வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு.

சட்டமாக வந்தது 1897இல், இந்திய மீன்பிடிச் சட்டம். வெடி வைக்காதே, விஷம் கலக்காதே. இது ரெண்டும் நியாயம், இன்றைக்கும் தேவை. அதற்கப்புறம் ஆறாவது பிரிவு, வலையின் அளவையும் வகையையும் பற்றி விதி போடும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குத் தருகிறது. அதில் ஒரு சொல் வருகிறது: ‘ஃபிக்ஸ்டு இன்ஜின்’. படித்ததும் ஏதோ நீராவி இயந்திரம் என்று நினைத்தேன். இல்லை. மண்ணில் ஊன்றியோ வேறு எப்படியோ நகராமல் நிறுத்திவைத்த வலை, கூண்டு, பொறி எல்லாமே சட்டத்தின் கண்ணில் ‘இன்ஜின்’. எங்கள் பக்கத்து வாய்க்காலில் மடைவாயில் பறி வைக்கிற கிழவி, சட்டப்படி ஒரு இன்ஜின் ஆபரேட்டர்.

எனக்கு உறுத்துவது இதுதான். ஆற்றில் நகராமல் நிற்கும் பொருட்களிலேயே பெரியது, ஒரு மீனைக்கூட விடாதது, கீழணை. அதற்குக் கண்ணே கிடையாது. சட்டம் தனியார் நாட்டுகிற தடுப்பைப் பற்றிப் பேசுகிறது, வலைக்கண்ணைப் பற்றிப் பேசுகிறது. சர்க்கார் கட்டிய சுவருக்குக் கண் எவ்வளவு என்று கேட்கவில்லை. டே சொன்ன இரண்டில், கையில் வலை வைத்திருப்பவனைக் கட்டுப்படுத்துகிற பாதிதான் எளிதாகச் சட்டமானது.

முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. 1907இல் பிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் மெட்ராஸ் மீன்வளத் துறை தொடங்கியது. அந்த வருஷங்களிலேயே எச். சி. வில்சன் என்பவர் அணைக்கரையில் உல்லத்தின் முட்டையைக் கையால் பிதுக்கி எடுத்து, விந்தைக் கலந்து பொரிக்கவைக்கப் பார்த்தார். கடலிலிருந்து வரும் மீன், வெயில் காயும் கொள்ளிடக் கரை, தட்டில் கண்ணாடி மணி மாதிரி முட்டைகள். ஏறக்குறைய ஒரே நாளில் பொரித்துவிடும் முட்டை அது. பின்னாளில் அதே துறையின் இயக்குநரான பி. சுந்தர ராஜும் உல்லத்தின் பழக்கங்களையும் இந்தச் செயற்கைப் பொரிப்பையும் பற்றி 1917இல் எழுதினார். மீன் பொரித்தது. ஆனால் ஆறு பழையபடி நிரம்பவில்லை.

பிறகு 1934, மேட்டூர். அதுவரைக்கும் வெள்ளம் வந்தால் சுவர் மூழ்கும், மீன் ஏறும். மேட்டூர் அந்த வெள்ளத்தையே 120 அடிக்குள் வாங்கிக்கொண்டது. மீனைக் கூப்பிடுவது வழியல்ல, வெள்ளம். கூப்பிடுவது நின்றால், வழி திறந்திருந்தும் பிரயோஜனமில்லை. 1941இல் சுந்தர ராஜ் மேட்டூரையும் இந்தியாவுக்கு அதன் பாடங்களையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். காவிரியின் உல்லத் தொழில் மேட்டூரால் அழிந்ததைத் துறையின் உள்ளேயிருந்து ஒருவர் பதிவு செய்த ஆவணம் அது. பாடத்தை யார் படித்தார்கள்? 1975இல் கங்கையில் ஃபராக்கா வந்தது. அதற்கு மேலே அலகாபாத் வரைக்கும் போய்க்கொண்டிருந்த இலிஷுக்கும் இதே கதி.

இடத்தை நிரப்பியவை வேறு. நான் விட்ட கட்லா, கோதாவரியிலிருந்து மீன்வளத் துறை கொண்டுவந்து காவிரியில் விட்ட இனம். சித்தப்பாவின் ஜிலேபி 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன். ரெண்டுக்கும் கடலிலிருந்து ஏறிவர வேண்டியதில்லை. அணை கட்டிய ஆற்றுக்கு அணை கட்டிய மீன்கள். ருசியில் குறை சொல்ல மாட்டேன், ஜிலேபியை வறுத்தால் நானே நாலு சாப்பிடுவேன்.

வலையும் இதற்குள் மாறிவிட்டது. தாத்தா காலத்தில் பருத்தி நூலோ சணல் நூலோ. பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்துத் துவர் ஏற்றவில்லை என்றால் சீக்கிரமே மக்கும், ஏற்றினாலும் ஒவ்வொரு நாளும் உலர்த்த வேண்டும். 1950களுக்குப் பிறகு நைலான் வந்ததும் அந்த வேலை முழுக்கப் போனது. ஆனால் நைலானும் முடிச்சு வலைதான். கெளுத்தி விழுந்தால் அதன் முள் கண்ணில் சிக்கி, பிரிக்க அரைமணி நேரம், கையிலும் ஒரு குத்து நிச்சயம். முடிச்சு மீனின் செதிலையும் வழுவழுப்பையும் தேய்த்துவிடும். திருப்பி விடுகிற மீனாக இருந்தால் அது புண்ணாகிச் சாகலாம். இந்த ஒரு விஷயத்தில் என் உடைந்த வலை உசத்தி. அதன் மடி முடிச்சில்லாத ரப்பர். முள்ளும் சிக்காது, தூண்டில் கொக்கியும் சிக்காது, தண்ணீர் குடித்துக் கனக்காது.

பங்குனியில் ஊருக்குப் போனபோது அந்த ரப்பர் மடியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து வளையத்திலிருந்த பச்சை நைலானை அறுத்தார். துருவைச் செங்கல்லால் தேய்த்தார், எண்ணெய் போட்டார். மடியை வைத்துப் பார்த்தால் போதவில்லை. கட்லாவுக்கு என்று விற்ற மடி, உல்லத்து வளையத்தைச் சுற்றி வர ஒரு சாண் குறைந்தது. இழுத்துப் பார்த்தார், ரப்பர் கொடுத்தது, விட்டதும் திரும்பிக்கொண்டது.

“வளையத்த அறுத்துச் சின்னதா வளைச்சிரலாமா சித்தப்பா? வெல்டிங் கடையில அஞ்சு நிமிஷம்.”

அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய், பழைய வலையிலிருந்து வெட்டிவைத்த ஒரு துண்டு நைலானும் தங்கூசிச் சுருளும் எடுத்துவந்தார். இடைவெளிக்கு அதை வைத்து, ஒவ்வொரு கண்ணாகக் கோத்துக் கட்ட ஆரம்பித்தார். சாயங்காலம் ஆகிவிட்டது. நான் எதிரே உட்கார்ந்து வளையத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.