மின்னொளியின் மதிப்பு: கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு

மலாயாவுக்கு மின்சாரம் வந்தது வீட்டில் விளக்கேற்ற அன்று. சுரங்கத்தில் நீர் இறைக்கவே வந்தது. 1894-ஆம் ஆண்டில் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவியவர்கள் லோக் இயூவும், கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த தம்புசாமி பிள்ளையும் ஆவர். இறைப்பான் நின்றால் நட்டம் எவ்வளவு என்பதைச் சுரங்க முதலாளி ஏட்டில் குறித்துவிடலாம். இல்லத்தரசியின் கணக்கு அத்துணை எளிதன்று.

1927-இல் பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே பங்சார் மின்நிலையம் எழுந்தது. 1949-இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1953-இல் கிள்ளானில் கன்னாட் பாலம் மின்நிலையம் 80 மெகாவாட் ஆற்றலுடன் திறக்கப்பெற்றது. ஆயினும் நகரத்து மின்கம்பி தோட்டத்து லயங்களை எட்டப் பல்லாண்டுகள் சென்றன. பல தோட்டங்களில் நிருவாகத்தின் இயந்திரம் மாலையில் ஓடும். இரவில் சில மணி நேரத்தில் நின்றுவிடும். சமையலும், பிள்ளைகளின் படிப்பும், வானொலி கேட்டலும் அந்த நேரத்திற்குள் அடங்கின. இயந்திரம் பழுதுற்றால் குடும்பம் பெரிதும் கலங்கவில்லை. மண்ணெண்ணெய் விளக்கு மாடத்திலேயே இருந்ததல்லவா?

அந்த விளக்கு மாடத்தை விட்டு இறங்கிய பின்னரே மின்தடை ஓர் இடராயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரத்து அடுக்குமாடிகளில் குடியேறியபோது, குளிர்பெட்டியும் மின்தூக்கியும் மேல்மாடிக்கு நீரேற்றும் இறைப்பானும் ஒரே கம்பியை நம்பி நின்றன. 1996 ஆகஸ்டு 3, சனிக்கிழமை மாலை 5.17-க்குத் திரெங்கானுவில் பாக்கா மின்நிலையத்தருகே ஒரு மின்தடம் அறுபட, தீபகற்பம் முழுவதுமே இருண்டது. கிழக்குக் கரையின் பழுதுக்குப் பிரிக்பீல்ட்ஸ் வீடு இருளில் அமர்ந்தது. இணைப்பின் வலிமையும் அதுவே, எளிமையும் அதுவே. 2005 ஜனவரி 13-இல், பொங்கலுக்கு முந்தைய நாள் நண்பகலில், கோலாலம்பூரும் சிலாங்கூரும் மீண்டும் மின்சாரமின்றித் தவித்தன.

தடையற்ற மின்சாரத்துக்கு எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள் என்று பொருளியலார் வீட்டாரைக் கேட்பதுண்டு. என்றும் எரியும் விளக்குக்குத் தனி விலை சொல்ல எவருக்கும் மனம் வராது; அது தமக்குரியது என்றே எண்ணுவர். ஆகவே குறைந்த விடை கிடைத்தால், மதிப்பும் குறைவு என்று கொள்வது பிழையாகும். மெழுகுவத்தி வாங்கிய செலவும், கெட்டுப்போன மீனும், படியேறிய முதியவரின் மூச்சிரைப்பும் அவ்விடையில் அடங்கா.

இந்நாட்டிலோ அக்கேள்விக்குக் காத்திராமலே விடை எழுதப்பட்டது. 1992 செப்டம்பரில் நேர்ந்த பெருந்தடைக்குப் பின், 1993 முதல் தனியார் மின்னாக்கிகளுக்கு உரிமம் வழங்கப்பட்டது. நெருக்கடிக்கென நிறுத்திவைத்த மின்னாற்றலின் செலவு நீண்டகால ஒப்பந்தங்களில் புகுந்தது. ஆனால், வீட்டுக்கு வரும் கட்டணச் சீட்டில் யூனிட்டுகளின் எண்ணிக்கை மட்டுமே தெரிந்தது.