இல்ல இசை வழங்கி

இல்ல இசை வழங்கி என்பது ஒரு வீட்டிலுள்ள இசைக் கோப்புகளை ஓரிடத்தில் சேமித்து, வீட்டின் உள்ளகப் பிணையம் வழியாக வெவ்வேறு அறைகளிலுள்ள இசைப்பான்களுக்கு ஓடையாக அனுப்பும் கணினி ஆகும். குறுந்தகடு, ஒலிநாடா ஆகியவற்றிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளும் விலைக்கு வாங்கிய கோப்புகளும் இதில் இடம்பெறும். இணைய இசைச் சேவைகளில் உரிம ஒப்பந்தம் முடிவடைந்தால் பாடல்கள் நீக்கப்படலாம். வழங்கியிலுள்ள கோப்பு பயனரிடமே இருக்கும். பாடல்கள் வீட்டுக்குள்ளேயே கடத்தப்படுவதால் இணைய இணைப்பு கட்டாயமன்று. ஆகவே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை போன்று, எல்லா ஊர்களிலும் சீரான இணைய இணைப்பு இல்லாத பகுதிகளிலும் இதனைப் பயன்படுத்த இயலும்.

வரலாறு

அமெரிக்காவின் ஸ்லிம் டிவைசஸ் நிறுவனம் 2001 ஆம் ஆண்டில் ஸ்லிம்பி3 என்னும் பிணைய இசைப்பானையும், 2003 இல் ஸ்குவீஸ்பாக்ஸையும் வெளியிட்டது. இந்நிறுவனத்தை 2006 இல் லாஜிடெக் வாங்கியது. 2012 இல் ஸ்குவீஸ்பாக்ஸ் வரிசை கைவிடப்பட்டது. அதற்கான இணையச் சேவையும் 2024 இல் மூடப்பட்டது. எனினும் வழங்கி மென்பொருள் கட்டற்ற உரிமத்தில் இருந்தமையால், தன்னார்வலர்கள் அதனை லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் தொடர்ந்து மேம்படுத்தி வருகின்றனர். பழைய இசைப்பான்களும் அதனுடன் இயங்குகின்றன. நிறுவனம் விலகினாலும் மென்பொருள் நிலைக்குமா என்பது தேர்வில் முதலில் ஆராய வேண்டியது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

வன்பொருளும் மின் நுகர்வும்

இசையை அனுப்புவதற்கு ஆற்றல் மிக்க கணினி தேவையில்லை. வழங்கி நாள் முழுவதும் இயங்குவதால் மின் நுகர்வே முதன்மை பெறுகிறது. 60 வாட் எடுத்துக்கொள்ளும் பழைய மேசைக்கணினி ஒன்று 60 நாட்களில் 86.4 அலகு மின்சாரத்தைச் செலவிடும். ராஸ்பெரி பை போன்ற, ஏறத்தாழ 5 வாட்டில் இயங்கும் ஒற்றைப் பலகைக் கணினிக்கு அதே காலத்தில் 7.2 அலகு போதுமானது. தமிழ்நாட்டில் 2016 ஆம் ஆண்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 அலகு மின்சாரம் கட்டணமின்றி அளிக்கப்பட்டது. மேசைக்கணினியை வழங்கியாக்கினால் அவ்வளவில் பெரும்பகுதி அதற்கே செலவாகும்.

மின்தடையின்போது கணினி திடீரென நின்றால் கோப்பு முறைமை பழுதடையக்கூடும். எனவே தடையில்லா மின்வழங்கி அல்லது இன்வெர்ட்டர் இணைப்பு பரிந்துரைக்கப்படுகிறது. விசிறியற்ற கணினியும் திண்மநிலை வட்டும் ஓசையைத் தவிர்க்கும்.

கோப்பு வடிவமும் கொள்ளளவும்

குறுந்தகட்டின் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளும் 16 பிட் ஆழமும் கொண்டது. ஒரு மணி நேர இசை ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும். 2001 இல் வெளியான ஃபிளாக் வடிவம் எத்தரவையும் இழக்காமல் இதனைப் பெரும்பாலும் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை சுருக்குகிறது. 320 கிலோபிட் எம்பி3 கோப்பு மணிக்கு 144 மெகாபைட் மட்டுமே. ஆனால் நீக்கப்பட்ட தரவை மீட்க இயலாது. 500 குறுந்தகடுகளை ஃபிளாக் வடிவில் சேமிக்க 1 டெராபைட் வட்டு தாராளமாகப் போதும். கருநாடக இசையில் இராகம் தானம் பல்லவி பல தடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கலாம். ஆகவே தடங்களுக்கிடையே இடைவெளியின்றி ஒலிக்கும் வசதி இசைப்பானில் இருத்தல் வேண்டும்.

தமிழ்ப் பாடல்களின் விவரக் குறிப்புகள்

எம்பி3 கோப்புகளின் பழைய ஐடி3 முதற்பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்டுகளே இடமுண்டு. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளிக்கும் 3 பைட்டுகள் தேவைப்படுவதால் 10 குறியீடுகளுக்கு மேல் அடங்கா. திஸ்கி, டாப் முதலிய பழைய குறிமுறைகளில் இடப்பட்ட பெயர்கள் இக்கால வழங்கிகளில் பொருளற்ற எழுத்துகளாகத் தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.

பல மென்பொருள்கள் கலைஞரின் பெயரால் இசைத்தொகுப்பை வகைப்படுத்துகின்றன. திரைப்படப் பாடல்களில் ஒவ்வொரு பாடலுக்கும் பாடகர் வேறுபடுவதால் ஒரே படம் பல தொகுப்புகளாகச் சிதறுகிறது. தொகுப்புக் கலைஞர் புலத்தில் இசையமைப்பாளரின் பெயரை இடுவது இதனைத் தவிர்க்கும். பாடலாசிரியருக்குத் தனிப் புலம் காட்டும் மென்பொருள் தமிழ்ப் பயனர்களுக்கு ஏற்றது.

மென்பொருள்

2003 இல் தொடங்கப்பட்ட எம்.பி.டி, தான் இயங்கும் கணினியுடன் இணைந்த ஒலிபெருக்கியிலேயே இசைக்கிறது. ஓரறைக்கு இது போதும். பல அறைகளில் ஒரே நேரத்தில் இசைக்க லிரியனும், கைப்பேசியில் கேட்க நாவிட்ரோமும், நிகழ்படங்களையும் சேர்த்து நிருவகிக்க 2018 இல் உருவான ஜெல்லிஃபினும் பொருத்தமானவை. இவை நான்கும் கட்டற்ற மென்பொருள்கள்.

காப்புநகல்

இரு வட்டுகளில் ஒரே தரவை எழுதும் ரெய்டு அமைப்பு, ஒரு வட்டு பழுதடைவதிலிருந்து மட்டுமே காக்கும். தவறுதலாக அழிக்கப்படும் கோப்பு இரண்டிலும் அழியும். எனவே தனி வட்டில் ஒரு நகல் எடுத்து, இயன்றால் வேறொரு வீட்டில் வைத்தல் நன்று. குறுந்தகடுகளை மீண்டும் வாங்க இயலும். ஒலிநாடாவில் பதிவான குடும்பத்தாரின் குரல், ஊர்த் தெருக்கூத்து, கோயில் திருவிழா நாகசுவரம் ஆகியவற்றுக்கு வேறு படி இராது. வழங்கியின் விலையை முடிவு செய்யும்போதே இரண்டாவது வட்டின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.