ராப்பலகை முதல் பைனாகுலர் வரை

வானத்தைப் படைத்த அல்லாஹ், அதைக் கண்டு சிந்திக்கும் பார்வையையும் மனிதனுக்கு அளித்தான். அந்தப் பார்வையை நம் முன்னோர் வீணாக்கவில்லை என்பதற்கு விண்மீன்களின் பெயர்களே சான்று. கார்த்திகைக் கூட்டத்தின் பின்னே வரும் செந்நிற ரோகிணியை உலகம் இன்றும் 'அல்தெபரான்' என்றே அழைக்கிறது. 'பின்தொடர்வது' என்னும் பொருளுடைய அரபுச் சொல் அது. திருவோணத்திற்கு வழங்கும் 'அல்டேர்' என்ற பெயரும் 'பறக்கும் கழுகு' என்னும் அரபுப் பெயரின் மிச்சமே.

பாரசீக நாட்டு அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபீ, கி.பி. 964இல் எழுதிய விண்மீன் நூலில், ஆண்ட்ரோமெடா மண்டலத்தில் தெரியும் 'சிறு மேகம்' ஒன்றைக் குறித்து வைத்தார். ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள வேறொரு விண்மீன் பேரடை அது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் உறுதியாயிற்று. அவருக்கு அடுத்த தலைமுறையில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்வை நிகழ்கிறது என்று நிறுவினார். அவருடைய ஒளியியல் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியருக்குப் பாடமாயிற்று. 1608இல் நெதர்லாந்தில் தொலைநோக்கி வெளிப்பட்டது. 1854இல் இத்தாலியரான போர்ரோ, தலைகீழான பிம்பத்தைப் பட்டகங்களால் நிமிர்த்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1894இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் அம்முறையிலமைந்த பைனாகுலர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நம் கடலோடிகளுக்கும் வானம் அந்நியமன்று. சிறு பலகையையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு துருவ விண்மீனின் உயரத்தை அளந்து அவர்கள் திசையும் இடமும் அறிந்தனர். அரபு மாலுமிகள் 'கமால்' என்ற அக்கருவியைத் தமிழர் 'ராப்பலகை' என்றனர். இன்றோ, பிறைச் செய்தி கைப்பேசியில் வரட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் நம் வீடுகளில் பெருகிவிட்டது. பிறை எத்திசையில் தோன்றும் என்பதையே அறியாமல் பிள்ளைகள் வளர்வது சிறிய இழப்பன்று.

இதை மீட்கப் பெருஞ்செலவு தேவையில்லை. '7x50' என்ற குறியீட்டில் 7 என்பது உருப்பெருக்கம். 50 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 50ஐ 7ஆல் வகுத்தால் கிடைக்கும் ஏறத்தாழ 7 மில்லிமீட்டரே கண்ணுக்குள் செல்லும் ஒளிக்கற்றையின் அகலம். இருளில் இளையோரின் கண்மணி அவ்வளவு விரியும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு அது சுருங்குவதால், 5 மில்லிமீட்டர் தரும் '10x50' போதும். அதற்கு மேல் பெருக்கினால் கை நடுக்கமும் பெருகும். தாங்கி இன்றிப் பார்க்க இயலாது. மாடியின் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்வது நலம்.

கருவியால் கண்ட பிறை மார்க்கத்தில் ஏற்கப்படுமா என்பது உலமாக்கள் ஆய்ந்து கூறவேண்டியது. வானத்தைக் கற்பதற்கோ எத்தடையும் இல்லை. சூரியன் முழுதும் மறையுமுன் பைனாகுலரை மேற்கே திருப்பலாகாது, கண்ணையே பறித்துவிடும். மஃக்ரிப் தொழுகைக்குப் பின் பிள்ளைகளுடன் மாடியேறிப் பிறையைத் தேடுங்கள். கார்த்திகை மாதத்து நிலவில்லா இரவில், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி போன்ற ஊர்களில் விளக்கொளி எட்டாத கடற்கரையில் நின்று வடவானை நோக்கினால், அஸ்ஸூஃபீ கண்ட அந்தச் சிறு மேகத்தை அவர்களும் காண்பார்கள், இன்ஷா அல்லாஹ்.